ஆழ்வாப்பிள்ளை கையெழுத்திடாத ஒப்பந்தம்

ஆழ்வாப்பிள்ளையரை நான் முதன்முதல் கண்டது ஒரு கூரையின் மேல்.

1945ஆம் ஆண்டு ஆவணி மாதம். பி.ஏ. பாஸ் என்று கொழும்பிலிருந்து தந்தி வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. பண்டத்தரிப்பில் எங்கள் குறிச்சியிலிருந்து பட்டதாரியான முதல் ஆள் நான். தகப்பன் புகையிலைத் தோட்டக்காரர். தாய்க்கு எழுத்துத் தெரியாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, பெருமைதான். அந்தப் பெருமையோடு, கொளுத்தும் வெயிலில் கோட்டும் போட்டுக்கொண்டு தபாற் கந்தோருக்கு நடந்து போனேன். அங்கே கூரைக்கு ஓடு மாற்றிக்கொண்டிருந்தார்கள். முகட்டில் குந்தியிருந்த ஒருவர் என்னைக் கண்டதும் கையிலிருந்த ஓட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு ஏணியால் இறங்கி வந்தார். கறுத்து மெலிந்த உடம்பு. முழங்கைவரை சுண்ணாம்பு. மடியை அவிழ்த்து நாலாக மடித்த கடிதம் ஒன்றை எடுத்தார்.

"தம்பிதானே கொழும்பிலை படிச்சுப் பாஸ் பண்ணின பிள்ளை?"

ஓம் என்றேன்.

"அப்ப உதை ஒருக்கால் வாசியும்."

அரசாங்க முத்திரை போட்ட ஆங்கிலக் கடிதம். உள்ளே ஒரேயொரு வரி. உங்கள் விண்ணப்பம் கவனத்துக்கு எடுக்கப்பட்டுள்ளது. கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து. தமிழில் சொன்னேன். அவர் கடிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் ஏதும் மிச்சம் இருக்குமோ என்பதுபோல.

"நாங்கள் எழுதிப் போட்டது தையிலை. ஏழு மாசமா எங்களைக் கவனிச்சுக்கொண்டு இருக்கினம்" என்று கூரையில் நின்றவர்களுக்கும் கேட்கச் சொன்னார். மேலே நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "தம்பி, உதுக்கு ஒரு மறுமொழி எழுதித் தாரும். வாசிக்கேக்கை அவை அகராதி எடுக்கவேணும். அப்பிடி இருக்கவேணும்."

எழுதிக் கொடுத்தேன். அதிலிருந்து ஒரு வருஷத்துக்கு மேல் அவர்களுடைய ஆங்கிலக் கடிதமெல்லாம் நான்தான் எழுதினேன்.

அவர்கள் நாற்பத்தொரு பேர். மேசன், தச்சர், பெயின்டர், குழாய்வேலைக்காரர் எல்லாரும் சேர்த்து. குடாநாட்டிலுள்ள அரசாங்கக் கட்டிடங்களைத் திருத்துவது அவர்கள் வேலை. எந்தக் கந்தோரின் கீழ் என்று நான் எழுதப்போவதில்லை. அதில் இருந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாற்பத்தொரு பேருக்கும் நாட்சம்பளம். 1935க்குப் பிறகு புதிதாக ஒருவரையும் எடுக்கவில்லை. ஆகவே எல்லாரும் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட பழைய ஆட்கள். பத்து வருஷமும் நாட்கூலிகளாகவே இருந்தார்கள். மழை பெய்தால் அன்று வேலை இல்லை, சம்பளமும் இல்லை. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வீட்டில் அடுப்பெரிவது கடை முதலாளியின் மனதைப் பொறுத்தது.

ஆழ்வாப்பிள்ளையர் இதை எனக்குச் சொன்ன விதம் வேறு. "கூரை ஒழுகினால்தான் எங்களைத் தேடுவினம். நாங்கள் ஏறி, நனைஞ்சு, ஒழுக்கை அடைச்சாப் பிறகு, இண்டைக்கு மழை, வேலை இல்லை, வீட்டை போங்கோ எண்டுவினம்."

அவர் கேட்டது ஒன்றுதான்: எல்லாரையும் மாதச் சம்பளத்துக்கு எடுக்கவேண்டும். எடுத்தால் மாரியிலும் சம்பளம் வரும். வேலையை விட்ட பிறகு பென்சன் வரும். அவருக்கு அப்போது வயது ஐம்பத்திரண்டு. பதினெட்டு வருஷம் அந்தக் கந்தோருக்காகக் கூரை ஏறியவர். இன்னும் நாலைந்து வருஷம் போனால் ஒருவரும் அவரை ஏணியில் ஏறவிடமாட்டார்கள். அதற்கு முன் இது முடியவேண்டும் என்று அவருக்கு இருந்தது. அதை அவர் மறைக்கவுமில்லை. "எனக்கும் வேணும் தம்பி. நான் சாமி இல்லை" என்பார்.

சங்கம் என்று ஒன்றைப் பதிந்தார்கள். எல்லாரும் சத்தம் போட்டு அவரைத் தலைவராக்கினார்கள். காரியதரிசி சீவரத்தினம், பெயின்டர். ஆழ்வாப்பிள்ளையரின் மனைவி ஞானாம்பிகைக்குத் தம்பி. முத்துமுத்தான தமிழ்க் கையெழுத்து அவருக்கு. பெயர்ப்பலகை எழுதிப் பழகிய கை. சங்கத்தின் தமிழ்க் கடிதங்கள், ஊரார் வீட்டுக் கலியாண அழைப்புகள் எல்லாம் அந்தக் கையால்தான் எழுதப்படும். ஆழ்வாப்பிள்ளையருக்கு மைத்துனன்மேல் அப்படியொரு நம்பிக்கை. "என்ரை மச்சான் எழுதினால் பிழை வராது" என்று எதற்கும் சொல்வார்.

1946 வைகாசியில் முதற் பேச்சுவார்த்தை. வெள்ளைக்கார எஞ்சினியர் துரையும் பிரதம கிளாக்கர் அருட்பிரகாசமும் மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தார்கள். இந்தப்பக்கம் ஆழ்வாப்பிள்ளையர், சீவரத்தினம், மொழிபெயர்க்க நான். எங்களுக்குக் கதிரை இல்லை. ஆழ்வாப்பிள்ளையர் சற்று நேரம் நின்று பார்த்தார். பிறகு விறாந்தையில் கிடந்த மூன்று கதிரைகளைத் தாமே தூக்கி வந்து போட்டார். அவை கழித்துவிட்ட கதிரைகள், இருந்தால் உடையும் என்றார் கிளாக்கர்.

"உடையாது ஐயா. திருத்தினது நாங்கள்."

துரை என்னிடம் அர்த்தம் கேட்டார். சொன்னேன். துரைக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்று நிற்காமல், கதிரையில் இருந்தபடிதான் கதைத்தோம்.

ஆடியில் இரண்டாம் தடவை போனபோது காரியம் பழுத்துவிட்டது. பத்து வருஷம் இடையறாமல் வேலை செய்த ஒவ்வொருவரையும் ஐப்பசி முதல் மாதச் சம்பளத்துக்கு எடுப்பதாகத் துரை ஒப்புக்கொண்டார். இடையறாமல் வேலை செய்ததற்கு என்ன அத்தாட்சி என்பதில்தான் இழுபறி. ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் ஊர்த் தலைமைக்காரரான விதானையாரிடம் கடிதம் வாங்கி வரட்டும் என்றார் கிளாக்கர். ஆழ்வாப்பிள்ளையர் மறுத்தார். விதானையாரின் படலையில் எத்தனை நாள் காத்து நிற்கவேண்டி வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். தினவரவு பதியும் இடாப்பு உங்களுடையது, உங்கள் ஓவசியர் எழுதியது, அது ஒன்றே போதும், வேறு அத்தாட்சி வேண்டாம் என்றார். துரை தலையாட்டினார். நான் அதை ஆங்கிலத்தில் இறுக்கமாக எழுதிக் கொடுத்தேன்: இடாப்பே முடிவு. எழுதியது எனக்கே பிடித்திருந்தது.

வெளியே காத்திருந்தவர்கள் எங்களைக் கடைக்குக் கூட்டிப்போய்ச் சோடா உடைத்தார்கள். ஆழ்வாப்பிள்ளையர் மட்டும் அரைவாசி குடித்துவிட்டுப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். ஊருக்குத் திரும்பும் வழியில்தான் எனக்கு விஷயத்தைச் சொன்னார்.

எங்கள் வலிகாமத்தில் தோட்டக் கிணறுகள் பங்குக் கிணறுகள். ஒருவருக்கு ஐந்து நாளைக்கு ஒருமுறை இறைப்பு முறை வரும். தவறவிட்டால் அடுத்த முறைவரை பயிர் வாடும். அந்தத் தொழிலாளர்களில் பாதிப்பேருக்குத் தோட்டம் இருந்தது. காலை ஏழு மணிக்கு, வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் கிறகோரி இடாப்பை விரித்துப் பேர் கூப்பிடுவார். இறைப்புக்குப் போனவனின் பேர் வந்தால் பக்கத்தில் நிற்பவன் "ஓம்" என்பான். போனவன் பத்து மணிக்கு வந்து சேர்ந்து, பொழுதுபட்ட பிறகும் நின்று தன் வேலையை முடித்துவிட்டே போவான். தாய் தகப்பன் செத்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போனால் முழுநாளும் வரமுடியாது; அன்று அவன் பங்கை மற்றவர்கள் பகிர்ந்து செய்வார்கள். இதற்குப் பேருக்கு நிற்கிறது என்று பெயர். கிறகோரிக்கும் தெரியும். பேர் கூப்பிடும்போது அவர் தலையை நிமிர்த்துவதே இல்லை.

யாருக்கு எந்த நாள் முறை என்பதை மனதில் வைத்து ஒழுங்குபடுத்தியவர் ஆழ்வாப்பிள்ளையர். ஒரே காலையில் மூன்று பேருக்கு மேல் குறையக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். முதல்நாளே அவரிடம் வந்து, "நாளைக்கு என்ரை பேருக்கு ஆளைப் பாருங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவருக்குத் தோட்டமில்லை. பதினெட்டு வருஷத்தில் ஒரே ஒரு நாள் அவருடைய பேருக்கு இன்னொருவர் நின்றது, தாயின் அந்தியேட்டிக்கு.

இதெல்லாம் தெரிந்தவர் ஏன் இடாப்பைக் காட்டினார் என்று இப்போது கேட்கிறார்கள். அந்த இடாப்பு பொய் என்று அவருக்குப் படவேயில்லை. வேலை நடந்தது, கூரை நின்றது, ஆகவே ஆள் வந்தது என்பதே அவர் கணக்கு. துரையின் வாயிலிருந்து "இடையறாமல்" என்ற சொல் வந்த பிறகுதான் அவருக்கு உறுத்தத் தொடங்கியது.

"நீர் படிச்சனீர். துரையிட்டை நாங்களே முந்திச் சொல்லிப்போடுவமோ? நல்ல மனிசன் மாதிரிக் கிடக்கு."

நான் வேண்டாம் என்றேன். எழுத்தில் வந்துவிட்டது, இனி ஒருவராலும் அசைக்க முடியாது, நாமே போய்த் தடியை எடுத்துக் கொடுப்பானேன் என்றேன். படித்தவன் சொன்னான் என்று கேட்டுக்கொண்டார்.

புரட்டாதியில் வந்தது வினை. தம்பிராசா என்ற தச்சர் முந்தின வருஷம் சாவகச்சேரிக் கோட்டில் ஒரு வேலி வழக்குக்குச் சாட்சி சொல்லப் போயிருந்தார். அந்த வழக்கில் வாதாடிய பிரக்கிராசி, கிளாக்கர் அருட்பிரகாசத்துக்குச் சொந்தம். ஏதோ விருந்தில் பேச்சு வந்திருக்கிறது. கிளாக்கர் இடாப்பைப் புரட்டினார். சாவகச்சேரியில் கூண்டில் ஏறி நின்ற அதே நாளில் தம்பிராசா யாழ்ப்பாணத்தில் யன்னல் பொருத்தியதாக இடாப்பில் இருந்தது.

கிளாக்கர் தலைவரைக் கூப்பிடவில்லை. காரியதரிசியைக் கூப்பிட்டார். இடாப்புப் பொய்யென்றால் நாற்பத்தொரு பேரின் சேவையும் போய்விடும். ஆனால் ஒருவன் ஏற்பாடு செய்து மற்றவர்கள் அறியாமல் அகப்பட்டதென்றால் அந்த ஒருவனோடு முடிந்துவிடும் என்றாராம். சீவரத்தினம் ஒரு நாள் தவணை கேட்டார். ஒரு நாளில் நாற்பது பேரில் முக்கியமானவர்களை எல்லாம் கண்டு பேசி முடித்தார். தன் அக்காவின் படலைக்கு மட்டும் போகவில்லை.

விசாரணை இரண்டு நாள் நடந்தது. ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். வெளியே வந்தவர்கள், பூவரசின் கீழ் இருந்த ஆழ்வாப்பிள்ளையரைப் பாராமல் விறாந்தையின் மற்றப் பக்கத்தால் இறங்கிப் போனார்கள். முதல்நாள் பின்னேரம் அவர் என்னிடம், "ஏன் தம்பி, எல்லாரும் அந்தப் பக்கத்தாலை போகினம்? இந்தப் பக்கம் படி உடைஞ்சுபோச்சோ?" என்றார்.

இரண்டாம் நாள் கடைசியாக அவரைக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். கிளாக்கர் வாக்குமூலங்களைத் தமிழில் வாசித்தார். ஆழ்வாப்பிள்ளை சொல்லித்தான் பேருக்கு நின்றோம். மறுத்தால் கூரை வேலை தரமாட்டார் என்று பயந்தோம். இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது, எல்லாம் அதே. ஓவசியர் கிறகோரி, பேர் கூப்பிட்டபோது தனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை என்று சொல்லியிருந்தார். கடைசியில் ஒரு தாளை மேசைமேல் வைத்தார் கிளாக்கர். எந்த நாளில் யார் வரவில்லை, யார் நின்றது என்று நிரையாக எழுதிய பட்டியல். ஆழ்வாப்பிள்ளையருக்கு வாசிப்பு மெதுவாகத்தான் வரும். வாசிக்கத் தேவையும் இருக்கவில்லை. அந்தக் கையெழுத்தில்தான் அவருடைய மகளின் கலியாண அழைப்பு எழுதப்பட்டது.



மேலும் யார் யார் இதை நடத்தினார்கள் என்று சொன்னால் தண்டனையைக் குறைக்கலாம் என்றார் துரை. நான் தமிழில் சொன்னேன்.

"நான் ஒரு நாள் வரேல்லை. அம்மாவின்ரை அந்தியேட்டி. அதை எழுதச் சொல்லும். மற்றவை தங்கடையைச் சொல்லிப்போட்டினம்தானே."

ஒப்பந்தம் திருத்தி எழுதப்பட்டது. நாற்பது பேரின் சேவையும் இடையறாத சேவையாகக் கொள்ளப்படும். பொய் வரவை ஏற்பாடு செய்தவர் நிறுத்தப்படுவார். அது ஏழாம் பிரிவு. சங்கத்தின் சார்பில் தலைவரும் காரியதரிசியும் ஒப்பமிடவேண்டும். மூன்று நாள் தவணை.

சங்கம் யாழ்ப்பாணத்தில் ஒரு வாசிகசாலையில் கூடியது. ஞாயிற்றுக்கிழமை காலை. ஆழ்வாப்பிள்ளையர் தலைவருக்குரிய கதிரையில் இருந்தார். கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் கணக்குப்போல ஒன்றைச் சொன்னார்: நாங்கள் எல்லாரும் ஒன்றாய்ப் போய், எல்லாரும்தான் நின்றோம் என்று சொல்லுவோம். மாரி வாசலில் நிற்கிறது. நாற்பத்தொரு பேரையும் நிறுத்தினால் கோட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் யார் கூரை ஏறுவார்கள்? துரைக்கு அது விளங்கும்.

அது நடக்கக்கூடியது என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். அன்று தம்பிராசா எழும்பினார்.

"அண்ணை, உங்களுக்குத் தோட்டமும் இல்லை, துரவும் இல்லை. இருந்தது ஒரு பெட்டை, அவளையும் கட்டிக் குடுத்திட்டியள். எங்களைப் பாருங்கோ."

இந்தத் தம்பிராசா கோட்டுக்குப் போன நாளில் அவருடைய பேருக்கு "ஓம்" சொன்னவர் ஆழ்வாப்பிள்ளையர்தான்.

"அத்தான், கோவியாதையுங்கோ" என்றார் சீவரத்தினம். "ஒரு ஆளைக் குடுக்காட்டி எல்லாரும் போறம் எண்டு கிளாக்கர் சொன்னார். நாப்பது குடும்பம் அத்தான்."

"நாப்பத்தொண்டு."

சீவரத்தினம் குனிந்துகொண்டார்.

"என்னட்டை ஒருக்கால் கேட்டிருக்கலாம். உன்ரை கொக்காவின்ரை வீடு எங்கை எண்டு உனக்குத் தெரியாதோ?"

கேட்டிருந்தால் ஓம் என்றிருப்பாரோ, எனக்குத் தெரியாது. கேட்கவில்லை.

ஒப்பமிடும்படி தாளை அவர் முன்னால் வைத்தார்கள். அவர் அதை மடித்துச் சீவரத்தினத்தின் பக்கம் தள்ளினார். "என்னை வெட்டுற கத்தியை நான் தீட்டித் தரமாட்டன். வேறை தலைவரைப் போட்டுக் கையெழுத்து வாங்குங்கோ" என்றார்.

அப்படி அவர் சொன்னால் யாராவது தடுப்பார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. பத்து நிமிஷத்தில் வேறு தலைவரைப் போட்டார்கள். சீவரத்தினத்தையே போட்டார்கள். கை உயர்த்தச் சொன்னபோது முதலில் மூன்று நாலு கை எழும்பியது, பிறகு மற்றவை. ஆழ்வாப்பிள்ளையர் ஒவ்வொரு கையாகப் பார்த்தார். பதினைந்து வருஷம் அவருக்கு ஏணி பிடித்தவரின் கையும் அதில் இருந்தது. நான் அங்கத்தவன் அல்லன், எனக்குக் கை இல்லை. வாய் இருந்தது. பேசவில்லை.

அவர் எழுந்து சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். நான் பின்னால் போனேன். சந்தியில் நின்று என் பக்கம் திரும்பினார்.

"அண்டைக்குத் துரையிட்டைச் சொல்லுவம் எண்டு கேட்டனான். நீர் வேண்டாம் எண்டனீர்."

கோபமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. "நீர் போம். நான் நடந்து வாறன்" என்றார். யாழ்ப்பாணத்திலிருந்து பண்டத்தரிப்பு பத்து மைல்.

அடுத்த நாள் சீவரத்தினம் ஒப்பந்தத்தின் ஆங்கிலப் பிரதியோடு வந்து, தொழிலாளர் வாசிக்கத் தமிழாக்கித் தரும்படி கேட்டார். செய்து கொடுத்தேன், ஏழாம் பிரிவு உட்பட. என் தமிழ் நல்லாயிருக்கிறது என்று புகழ்ந்தார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. நாற்பது பேருக்கும் மழைநாட் சம்பளம் வந்தது. அது சும்மா கிடைத்த பொருள் அல்ல என்பது எனக்குத் தெரியும். அந்தச் சம்பளத்தில் அந்த மாரி பசியில்லாமல் கழிந்த வீடுகளையும் எனக்குத் தெரியும். அவற்றில் ஒரு வீட்டிலாவது அவருடைய பேர் சொல்லிக் கேட்கவில்லை. தெருவில் கண்டால் சைக்கிளைத் திருப்பினார்கள். அவர் ஏதாவது சொல்லிவிடுவார் என்ற பயம் அல்ல. சொல்லமாட்டார் என்பது தெரிந்ததால் வந்த கூச்சம் என்று நினைக்கிறேன்.

விசாரணை முடிந்த அன்று ஞானாம்பிகை கேட்டது ஒன்றுதானாம்: "என்ரை தம்பியோ?" ஓம் என்றாராம் இவர். அதற்குப் பிறகு அந்தம்மா தம்பி வீட்டு வாசல் மிதிக்கவில்லை. அடுத்த வருஷம் சீவரத்தினம் தன் மகளின் கலியாணத்துக்கு வெற்றிலை பாக்கோடு சொல்ல வந்தார். ஆழ்வாப்பிள்ளையர் முற்றத்தில் இருந்து அரிவாளுக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். படலையிலிருந்து பார்த்தால் முழுக்கத் தெரியும். ஞானாம்பிகை படலைவரை வந்து, திறவாமல், "வீட்டிலை ஒருத்தரும் இல்லை" என்றார். சீவரத்தினம் வெற்றிலைத் தட்டத்தோடு திரும்பிப் போனார். இதை அந்தம்மாவே எனக்குச் சொன்னார். சொல்லும்போது அழவில்லை.

ஊரில் அவருக்கு வேலை கொடுக்கத் தயங்கினார்கள். அரசாங்கம் களவு வரவுக்கு நிறுத்திய ஆள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். யார் என்று அவர் தேடவில்லை. நாற்பத்தெட்டில் வீட்டைப் பூட்டிவிட்டு இருவரும் மகள் வாழ்ந்த தென்மராட்சிக்குப் போனார்கள்.

இப்போது 1949. நான் ஒரு கல்லூரியில் ஆசிரியன். சீவரத்தினம் இன்னும் சங்கத் தலைவர். ஆழ்வாப்பிள்ளையர் சாவகச்சேரியில் மகள் பாலேஸ்வரி வீட்டில் இருக்கிறார். வயது ஐம்பத்தாறு. அயலார் கேட்டால் கிணற்றுக்கட்டும் மதிலும் கட்டிக் கொடுக்கிறார், கூரை ஏறுவதில்லை. பென்சன் இல்லை. போன தையில் நான் பார்க்கப் போனேன். தேத்தண்ணி தந்தார்கள். என்னைத் தம்பி, நீர் என்றவர் இப்போது நீங்கள் என்று அழைக்கிறார்.